வேடம் களையவும் பழக்க வேண்டும்

மாகாண மட்டப் போட்டி முடிந்து வான் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் கூத்துக்கு முதலிடம். பின் இருக்கைகளில் பாட்டும் கைதட்டுமாக ஒரே ஆரவாரம். அபிமன்யுவின் தாய் சுபத்திரையாக ஆடிய பிள்ளை மட்டும் யன்னலோரம் இருந்தாள். முகத்து ஒப்பனை பாதி அழிந்திருந்தது, அழுகை நின்றபாடில்லை. வென்ற சந்தோசத்தில் அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மட்டக்களப்பு வந்து சேரும்வரை அழுதாள். இறங்கும்போது, "என்ன மகள், என்ன செய்யுது?" என்று கேட்டேன். "அம்மம்மா அழுறமாதிரித்தான் அழுதன் ரீச்சர். இப்ப நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு" என்றாள்.

அவளுடைய மாமா போர்க்காலத்தில் காணாமல் போனவர். அவள் பிறப்பதற்கு முன்பே போனவர். அவருக்காக அம்மம்மா அழுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. ஒத்திகையில் அழுகை சரியாக வரவில்லை என்று நான்தான், "உனக்குத் தெரிந்த ஒரு அழுகையைக் கொண்டு வா" என்று சொன்னேன். கொண்டுவந்தாள். நடுவர்கள் உருகிப்போனார்கள். அந்த அழுகையைத் திரும்ப எங்கே இறக்கி வைப்பது என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இருபது வருடங்களுக்கு மேலாக இடைநிலை வகுப்புகளில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். கூத்தும் நடனமும் பழக்குகிறேன். அதிபர்களும் பெற்றோரும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் சில விசயங்களைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பாடசாலைகளில் தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அழகியல் பாடம் எடுக்கிறது. தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரத்துக்கு நடனத்தையோ நாடகத்தையோ தெரிவுசெய்தால் எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. இவற்றுக்கு மேலே தமிழ்மொழித் தினம், பரிசளிப்பு விழா, வாணிவிழா. இத்தனை மேடைகளிலும் நாங்கள் பாவிப்பது 11 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட, வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு உடம்பையும் மனதையும். சித்திரப் பாடத்தில் தாள் கிழிந்தால் வேறு தாள் எடுக்கலாம். எங்கள் பாடத்தில் தாளே பிள்ளைதான்.

அந்த வான் பயணத்துக்குப் பிறகு நான் எங்கள் கூத்தையே திரும்பப் பார்க்கத் தொடங்கினேன். மட்டக்களப்புக் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்தில் எவ்வளவோ சாவும் புலம்பலும் உண்டு. ஆனால் ஊரில் கூத்தாடுகிறவர் களரியில், அதாவது கூத்தாடும் வட்டத்தில், நின்று உண்மையாகவே விம்மி அழுவதில்லை. துயரத்தை அவர் தாளத்துக்குள் வைத்துப் பாடுகிறார். ஒரு அடியை அவர் பாடி முடிக்க, பின்னால் நிற்கிற பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிறார்கள். மத்தளம் அதைத் தாங்குகிறது, சல்லரி என்கிற கைத்தாளம் அதை அளக்கிறது. ஒரு தாயின் துக்கத்தை அந்தக் களரியில் பத்துப் பேர் சேர்ந்து சுமக்கிறார்கள். நானோ பிற்பாட்டை வெட்டிவிட்டு, மேடை நடுவில் ஒரு ஒளிவட்டம் போட்டு, 15 வயதுப் பிள்ளையைத் தனியே அழவிட்டேன். போட்டிக்கு அது நன்றாக எடுபடும் என்று தெரிந்தே செய்தேன்.

பயிற்சிக் காலத்தில் ரஷ்ய நாடக நெறியாளர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைப் படித்தோம். நடிகர் தன் சொந்த உணர்ச்சி நினைவுகளைத் தட்டியெழுப்பி நடிப்பதைப் பற்றிய பாடம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதே ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் கடைசிக் காலத்தில் உடற்செயல்களிலிருந்து தொடங்கும் முறைக்குப் போனார் என்பதை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நான்கு அபிநயங்களில் உடலசைவான ஆங்கிகம் முதலில் வருகிறது, உணர்வான சாத்விகம் உள்ளே இருந்து வருவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து உள்ளே போகிற வழிதான் ஏற்றது என்பது என் உறுதியான முடிவு. இப்போது நான், "உன் வீட்டில் நடந்த துக்கத்தை நினை" என்று யாரிடமும் கேட்பதில்லை. "கை எந்த இடத்தில் நிற்கிறது? தோள் எவ்வளவு இறங்குகிறது? எந்தச் சொல்லில் மூச்சு எடுக்கிறாய்?" என்று கேட்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அழுகை வருகிறது. பிள்ளை ஆடி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறது.

எங்கள் பகுதியில் இது இன்னும் கூர்மையான விசயம். போரும், 2004 டிசெம்பர் 26 கடற்கோளும் தொடாத வீடு குறைவு. இன்று தரம் 8இல் இருக்கிற பிள்ளை அந்த இரண்டையும் கண்டதில்லை. ஆனாலும் வீட்டில் எந்தப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது, எந்தப் பெயரைச் சொன்னால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். "வீட்டில் நடந்த ஒன்றை நடித்துக் காட்டுங்கள்" என்று புத்தாக்கப் பயிற்சி கொடுத்தால் எதிர்பாராத ஒன்று மேடைக்கு வந்துவிடும். ஒருமுறை ஒரு பையன் குடித்துவிட்டு வருகிற அப்பாவை நடித்தான். வகுப்பு சிரித்தது. அவன் பெல்ட்டைக் கழற்றுகிற விதத்தில் இருந்த துல்லியத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இடத்தில் ஆசிரியர் செய்யக்கூடாதது, "நன்றாக இருக்கிறது, இதையே நாடகமாகப் போடுவோம்" என்று சொல்வது. எல்லோருக்கும் முன்னால் கேள்வி கேட்பதும் கூடாது. பயிற்சியை வேறு பக்கம் திருப்பிவிட்டு, பிறகு ஆறுதலாகப் பேச வேண்டும். பாடசாலையில் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரிடம் கொண்டுபோக வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கம் எங்கள் ஒத்திகை அறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.

இனி உடம்பு. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. போட்டி நெருங்கினால் 2 மணிக்கு ஒத்திகை. இடைவேளையில் சாப்பிட்ட இரண்டு ரொட்டியோடு, பங்குனி வெயிலில், தகரக் கூரை மண்டபத்தில், சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு பிள்ளைகள் குதிக்கிறார்கள். மயங்கி விழுந்த பிள்ளைகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். "பயந்திட்டாள்", "ஆருடைய கண்பட்டதோ" என்பார்கள். பசியும் தண்ணீர்த் தாகமும்தான் காரணம். மத்தியானச் சாப்பாடு இல்லாமல் ஒத்திகை இல்லை என்று நான் இப்போது கறாராக இருக்கிறேன். அதிபரிடம் கேட்கத் தயங்கிய காலமும் உண்டு. கேட்டபோது பழைய மாணவர் சங்கம் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்தது.

முழங்கால் விசயத்தைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 10 முதல் 15 வயதுவரை எலும்பு வேகமாக நீளும். தொடையின் முன்தசையை இழுத்துப் பிடிக்கிற நார், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பில் ஒட்டுகிற இடம் அந்த வயதில் இன்னும் உறுதிப்படாதது. திரும்பத் திரும்பக் குதித்தால் அந்த இடம் புடைத்து வலிக்கும். வைத்தியர்கள் இதை ஓஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் வலி குறையும், வளர்ச்சி முடியும்போது போய்விடும். ஓய்வுதான் எங்களிடம் கிடைக்காத மருந்து. "நடிக்கிறாள்", "பழகப் பஞ்சிப்படுகிறான்" என்று சொல்லி ஆடவிடுகிறோம். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தும்போது பிள்ளை முகம் சுளித்தால் அன்றைக்குப் பாய்ச்சல் வேண்டாம். இருந்து பாடட்டும்.

நடனத்தில் முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி இருக்கிற அரைமண்டியிலும் இதே கவனம் வேண்டும். பாதத்தை மட்டும் வெளியே திருப்பிவிட்டு முழங்காலை உள்ளே சாயவிடுகிற பிள்ளைகளை எல்லா வகுப்பிலும் காணலாம். திருப்பம் இடுப்பிலிருந்து வரவேண்டும். முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடிய வேண்டும். ஒருவருக்கு இடுப்பு எவ்வளவு திரும்புமோ அவ்வளவுதான் அவருடைய அரைமண்டி. தோளில் கைவைத்து அமுக்கி இன்னும் இருத்தப் பார்ப்பது காயத்தில்தான் முடியும்.

கைவைப்பது என்றதும் இன்னொன்று. நடனத்தில் தொட்டுத் திருத்துவது வழமை. ஆனால் 13 வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பே புதிது. "முழங்கையைத் தூக்கிவிடட்டா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஒரு நொடிதான் செலவாகும். வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது. ஆண் ஆசிரியர் பெண் பிள்ளைகளுக்கும் பெண் ஆசிரியர் ஆண் பிள்ளைகளுக்கும் செய்துகாட்டியே திருத்தலாம், எதிரில் நின்று ஆடினால் பிள்ளை பார்த்துப் பிடித்துக்கொள்ளும். உடுப்பு மாற்றுகிற அறைக்குக் கதவும் பூட்டும் வேண்டும், கைத்தொலைபேசி உள்ளே போகக்கூடாது. மேடைப் படங்களை உடனே பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் போடுவதற்குப் பெற்றோரிடம் மட்டும் கேட்கிறோம். படத்தில் இருக்கிற பிள்ளையிடமும் கேளுங்கள். போட்டுவிட்ட படத்தைப் பிறகு யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

மாதவிடாய் நாட்களில் ஆடலாமா என்று அம்மாமார் கேட்பார்கள். பிள்ளைக்கு ஏலுமென்றால் ஆடலாம், ஏலாதென்றால் இருக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பிள்ளையானதும் மேடையிலிருந்து நிறுத்திவிடுகிற வீடுகளுக்கு நான் நேரே போய்ப் பேசியிருக்கிறேன். சில வீடுகளில் கேட்டார்கள்.

பையன்களுக்கு வேறு சிக்கல். நடனம் எடுத்தால் "பொம்பிளை மாதிரி" என்று கேலி. அந்தக் கேலி எங்கள் ஊரிலேயே எடுபடக் கூடாதது. இந்தக் களரிகளில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். கரப்புடுப்பு என்கிற கனத்த கூத்துடுப்பின் பாரத்தைச் சுமந்து விடியவிடிய ஆடியவர்கள் வயலில் இறங்கி வேலை செய்த ஆண்கள். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைச் சுருக்கி மேடையேற்றியபோது ஆடிக்காட்டியதும் படிக்கிற பிள்ளைகள்தான். 1965இல் அவர் மேடையேற்றிய இராவணேசன் கூத்தைப் பற்றிச் சொன்னாலே என் வகுப்பில் நான்கு பையன்கள் எழுந்து நிற்பார்கள்.

பையன்களின் குரலையும் பார்க்க வேண்டும். 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடையும். போன வருடம் உச்சத்தில் பாடிய பையனுக்கு இந்த வருடம் பாதியில் குரல் பிசகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சுருதியை இறக்கிக் கொடுங்கள், அல்லது பிற்பாட்டில் சேருங்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிள்ளைக்குத் தேநீரும் கற்கண்டும் கொடுத்து மேலும் கத்தவிடாதீர்கள். மூன்று கிழமைக்கு மேல் குரல் கட்டியே இருந்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவும் நடப்பதற்கு நாட்கள் வேண்டும். ஊரில் அவரவர் பாட்டை எழுதிய சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, கிழமைக்கூத்து ஆடி, சதங்கை அணிந்து, முழுக் கூத்தையும் ஆடி அடுக்குப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். உடம்பும் குரலும் பாத்திரமும் ஒன்றையொன்று மெல்ல மெல்லப் பழகும். அரங்கேற்றத்தோடு சட்டென்று நிறுத்திவிடவும் மாட்டார்கள், வீட்டுக்கு வீடு போய் ஆடித்தான் ஓய்வார்கள். பாடசாலையில் சுற்றறிக்கை வந்து மூன்று கிழமையில் போட்டி. தோற்றால் அடுத்த நாளே எல்லாம் மறந்துபோகும். வலயக் கல்வி அலுவலகங்கள் திகதியை முன்கூட்டியே அறிவித்தால் பாதிக் காயங்கள் வராது.

இப்போது ஒவ்வொரு ஒத்திகையும் முடிந்த பிறகு நாங்கள் பதினைந்து நிமிடம் எடுக்கிறோம். பாய் விரித்து வட்டமாக இருந்து சலங்கையை அவரவரே அவிழ்க்க வேண்டும், மற்றவர் உதவக்கூடாது. முகத்தைக் கழுவ வேண்டும். பிறகு தன் பெயர், தன் ஊர், இன்றைக்குக் காலையில் சாப்பிட்டது என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். துரியோதனனாக ஆடுகிறவன், "என்ர பெயர் இது, நான் இன்ன ஊர், காலமை புட்டும் வாழைப்பழமும்" என்று சொல்லும்போது குரலே மாறிவிடும். முதலில் இதை விளையாட்டாக எடுத்த பிள்ளைகள் இப்போது நான் மறந்தால் நினைவூட்டுகிறார்கள்.

அந்தச் சுபத்திரை இப்போது பெரியவள், வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் ஒத்திகைக்கு வருவாள். இந்த வருடமும் ஒரு தாயின் புலம்பல் இருக்கிறது, ஆடுவது தரம் 10 பிள்ளை. போன கிழமை மூன்றாவது அடியில் அந்தப் பிள்ளையின் குரல் தழுதழுத்தது. பின்னால் பிற்பாட்டில் நின்றவள் அந்த அடியை முழுதாக வாங்கிப் பாடினாள், மற்ற எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளை மூச்செடுத்து, தாளத்தைப் பிடித்து, நாலாம் அடிக்குப் போனாள்.