குளத்தில் எத்தனை அடி?

மாரி தொடங்கிவிட்டால் வன்னியில் கமக்காரர் இருவர் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "குளத்தில இப்ப எத்தனை அடி?" கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடு முட்ட நிரம்பினால் 36 அடி. அப்படியென்றால் 18 அடி நிற்கும்போது பாதிக் குளம் என்று கணக்குப் போடலாமா? போட்டால் சிறுபோகம், அதாவது கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் நெல், கருகிவிடும்.

குளத்தின் தரை கட்டோரத்தில் ஆழம். நீர் பரவி ஏறும் அலைகரைப் பக்கம் போகப்போக மேடு. நீர்மட்டம் ஒவ்வோர் அடி ஏறும்போதும் தண்ணீர் முன்னதைவிட அகலமாகப் பரவுகிறது. கூம்பைத் தலைகீழாக வைத்ததுபோன்ற குளமாயின், பாதி உயரத்தில் இருப்பது மொத்தத் தண்ணீரில் எட்டில் ஒரு பங்குதான். எந்தக் குளமும் சரியான கூம்பு அல்ல. ஆனாலும் தண்ணீரின் பெரும்பங்கு மேல் அடிகளில்தான் நிற்கிறது. கடைசி இரண்டு, மூன்று அடி நிரம்பாமல் மாரி முடிந்தால், சிறுபோகக் கூட்டத்தில் விதைப்புக்கு அனுமதிக்கும் ஏக்கர்கள் சடாரென்று குறைவது இதனால்தான். பரந்து கிடக்கும் அந்த மேல் தண்ணீரைத்தான் வெயிலும் காற்றும் அதிகம் குடிக்கின்றன.

வன்னி ஏன் குளத்தை இவ்வளவு நம்பியிருக்கிறது? காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் அடியில் சுண்ணாம்புக் கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கித் தங்கும், கிணறு வெட்டினால் தோட்டம் செய்யலாம். வன்னியின் கரையோரங்களிலும் வடக்கு விளிம்பிலும் அந்தக் கல் தொடர்கிறது. வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் வந்தால் அடியில் இருப்பது மிகப் பழைய, இறுகிய உருமாறிய பாறை. உக்கிய மேற்படையிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே கொஞ்சம் நீர் பிடிக்கும். மழையின் பெரும்பகுதியோ ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மண்ணுக்குள் சேமிக்க முடியாததை மண்ணுக்கு மேலே சேமித்தாக வேண்டும். மெல்லிய அலைபோல ஏறி இறங்கும் நிலம் அதற்கு வாய்ப்பானது. பள்ளத்தை மறித்து ஒரு மண்கட்டுப் போட்டால் குளம்.

கட்டுப் போடுவது பாதி வேலைதான். தேங்கிய நீரைக் கட்டு உடையாமல் வெளியே விடுவதில்தான் உண்மையான நுட்பம் இருக்கிறது. 5 மீட்டர் ஆழத்தில் ஒரு துளையைத் திறந்தால் நீர் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் பீறிடும். எந்த மண்கட்டையும் அது அரித்துவிடும். இலங்கையின் பண்டைய பொறியியலாளர்கள் பெரிய குளங்களில் கட்டின் உட்புறத்தை ஒட்டி, கல்லால் சதுரக் கிணறு ஒன்றைக் கட்டினார்கள். நீர் முதலில் அதற்குள் விழுந்து, மோதி, வேகம் தணிந்த பிறகே கட்டின் அடியில் போகும் கற்கானுக்குள் நுழையும். இரும்புக் கதவும் சீமெந்தும் இல்லாத காலத்தில் அழுத்தத்தை இப்படி அடக்கியது அபாரமான சிந்தனை. இன்றைய துருசுகளில், அதாவது நீரைத் திறந்துவிடும் மதகுகளில், இரும்புக் கதவு இருக்கிறது. அடக்க வேண்டிய விசை மாறவில்லை.

மிஞ்சும் வெள்ளம் வழிந்தோட விடும் வழிக்குப் பெயர் வான். மண்கட்டின் மேலால் தண்ணீர் வழியத் தொடங்கினால் கட்டு முறிந்துபோகும். அதனால் வானின் மட்டம் எப்போதும் கட்டின் உச்சிக்குக் கீழே இருக்கும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு குளத்தின் வான் நீரும், அதன் வயல்களில் வடியும் நீரும் வீணாவதில்லை. அவை அதே பள்ளத்தில் கீழே இருக்கும் அடுத்த குளத்துக்குப் போகின்றன. ஒரே மழைத்துளி பல வயல்களை நனைத்து இறங்குகிறது. வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆறு இப்படிச் சிறு குளங்கள் பலவற்றின் மிச்சத்தை வாங்கிக்கொண்டுதான் இரணைமடுவில் சேர்கிறது. அங்கிருந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிக்கு. மேலே ஒரு சிறுகுளம் தூர்ந்தால் அதன் மண் கீழ்க்குளத்துக்கு வருகிறது. முறிந்தால் வெள்ளமே வருகிறது.

இந்த ஒழுங்கு மனிதர் கையில்தான் நின்றது. 1832இல் பிரித்தானியர் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. ஆனால் குளத்தைக் கூடித் திருத்தும் கடமைக்கு மாற்று வரவில்லை. பல குளங்கள் காடாகின, மலேரியா ஊர்களைக் காலியாக்கியது. 1902இல் தொடங்கிய இரணைமடு வேலையும், 1940களின் பிற்பகுதியில் டிடிடி தெளித்து மலேரியாவை அடக்கியதும், பின்னர் வந்த குடியேற்றத் திட்டங்களும்தான் வயல்களை மீட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து காணி தேடி வந்தவர்களும், இனவன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்களும் பழைய வன்னிக் குடிகளோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சினார்கள். 2009இல் போரால் எல்லோரும் ஒன்றாக இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டோடு குளமும் திருத்த வேண்டியிருந்தது.

இப்போது குளங்களை ஆழமாக்கும் ஆர்வம் எங்கும் உண்டு. படிந்த வண்டலை அள்ளுவது தேவைதான். அதற்கும் கீழே வெட்டினால் நீரைத் தாங்கும் களிப்படை கிழிந்து, தண்ணீர் உக்கிய பாறைக்குள் கசிந்துவிடும். துருசின் வாசலுக்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும், அந்தத் தண்ணீர் மாடுகளுக்கும் மீன்களுக்கும் உதவும். பம்பு வைத்து இறைத்தாலன்றி வாய்க்காலில் ஏறாது.