வாசலை மறிக்கும் கூட்டாளி

வீடியோ கேம் ஆடும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கூடவே வருகிற கதாபாத்திரம் ஏன் எப்போது பார்த்தாலும் வாசலில் போய் நின்றுகொள்கிறது? நம்மைக் கடுப்பேற்ற வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா?"

இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் அங்கே நிற்கிறது!

கடுப்பேற்றும் கூட்டாளிகளின் பரம்பரை பெரிது. 1998-ல் வந்த 'ஒகரினா ஆஃப் டைம்' விளையாட்டின் குட்டித் தேவதை நாவி, "ஏய், கேளு!" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே பெயரைக் கெடுத்துக்கொண்டாள். 2011-ன் 'ஸ்கைரிம்' விளையாட்டில் வரும் லிடியா வாசலை மறிப்பதற்கென்றே பேர் போனவள். நாவி வகையின் கோளாறு எளிது: பதிவு செய்த வசனங்கள் கொஞ்சம், ஆடும் நேரமோ பல மணி. ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் இடையே போதிய நேரம் விடாவிட்டால் நச்சரிப்புதான். லிடியா வகைதான் எனக்குப் பிடித்தது.

கூட்டாளிக்கு உங்களைப் போலச் சுவரும் கதவும் தெரியாது. பல விளையாட்டுகளில், நடக்கக்கூடிய தரையை மட்டும் பலகோணத் துண்டுகளாக வெட்டி ஒரு வரைபடமாகக் கொடுத்திருப்பார்கள். எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்குப் போகலாம் என்பதுதான் அதன் உலகம். அதில் வழி தேட 'ஏ ஸ்டார்' என்ற முறையைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். இதுவரை நடந்த தூரத்தோடு, இன்னும் போக வேண்டிய தூரத்தின் உத்தேசக் கணக்கைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைவாக உள்ள பக்கத்தை முதலில் தேடும். உத்தேசம் உண்மைத் தூரத்தைத் தாண்டாதவரை கிடைப்பது மிகக் குறுகிய வழியேதான். நேர்கோட்டுத் தூரத்தை உத்தேசமாக வைத்தால் போதும். நேர்கோட்டை விடக் குறைந்த வழி ஏது?

இந்த முறை விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. 1968-ல் ஹார்ட், நில்சன், ரஃபேல் ஆகிய மூவர் வெளியிட்டது. அறைக்கு அறை தள்ளாடி நகர்ந்த 'ஷேக்கி' என்ற ரோபோவுக்கான ஆராய்ச்சியின் வழியே வந்தது. "இதனால் உடனே என்ன லாபம்?" என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தள்ளாடும் ரோபோ ஞாபகத்துக்கு வரும்.

சரி, வாசலுக்கு வருவோம். கூட்டாளிக்குக் கொடுத்திருக்கும் விதி இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'ஆட்டக்காரர் இரண்டு மீட்டருக்கு மேல் விலகினால் பின்னால் போ, இரண்டு மீட்டருக்குள் வந்ததும் நில்.' நீங்கள் சின்ன அறைக்குள் நுழைந்து, வாசலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டியைத் திறக்கக் குனிகிறீர்கள். கூட்டாளி பின்னாலேயே வருகிறது. இரண்டு மீட்டர் கணக்கு எங்கே நிறைவேறும்? சரியாக நிலைப்படியில்! அதன் கணக்கில் வேலை முடிந்தது, நிற்கிறது.

இப்போது வெளியே போகத் திரும்புகிறீர்கள். நீங்கள் நெருங்க நெருங்கத் தூரம் குறைகிறது. விலகினால் வா என்று விதி இருக்கிறது. நெருங்கினால் ஒதுங்கு என்று விதி இல்லை. ஆகவே அசையாது. 'எப்போதும் ஆட்டக்காரரின் முதுகுப் பக்கம் நில்' என்று விதியை மாற்றினால் இன்னும் வேடிக்கை. நீங்கள் திரும்பிய நொடியே உங்கள் முதுகு அறைக்குள் போய்விடுகிறது. அங்கே வரக் கூட்டாளி உங்களை நோக்கி நடக்கும். நீங்கள் அதை நோக்கி நடப்பீர்கள். குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடியும் ஒரே பக்கம் ஒதுங்கி அசடு வழிவார்களே, அந்தக் கூத்துதான்.

இதற்கு வைத்தியம் உண்டு. வாசல் துண்டுகளில் 'கடக்கலாம், நிற்கக் கூடாது' என்று குறித்து வைக்கலாம். ஆட்டக்காரர் மோதினால் தள்ளப்பட்டு ஒதுங்கச் செய்யலாம். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம்: கேமராவில் படாத நேரமாகப் பார்த்து, கூட்டாளியைச் சத்தமில்லாமல் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடுவது. நீங்கள் பார்க்காத ஒன்று நடந்துதான் வந்தது என்று உங்கள் மூளையே நம்பிக்கொள்ளும்.

2013-ன் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வேறொரு பொய்யைத் தேர்ந்தெடுத்தது. நீங்கள் பதுங்கியிருக்கும்போது கூட்டாளியாக வரும் சிறுமி எல்லி எதிரியின் கண்ணெதிரே ஓடினாலும் அவனுக்குத் தெரியாது. பார்க்க அபத்தம்தான். ஆனால் அவளால் மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டியிருந்தால், எல்லியும் நாவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள்.