‘யோகா மாஸ்டர்’: ஒரு சொல்லின் பொருளும் வேரும்

பெரம்பூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா மொட்டை மாடியில் யோகம் சொல்லிக்கொடுக்கிறார். விடிகாலை ஐந்தரைக்குப் பாயும் ஜமுக்காளமும் சுருட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் படியேறுவார்கள். பல வருடம் தையல் மிஷினில் குனிந்தே உட்கார்ந்து இடுப்பு வலி பிடித்தவர் அவர். வலிக்காகக் கற்கப் போனார், வலி குறைந்த பிறகும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கக் கேட்க, சொல்லிக்கொடுப்பவராகவே ஆகிவிட்டார். ஆண்கள் அவரை ‘மாஸ்டர்’ என்கிறார்கள், பெண்கள் ‘மேடம்’, பிள்ளைகள் ‘யோகா மிஸ்’. வாசலில் போர்டு வைக்க நினைத்தபோது என்னைக் கூப்பிட்டார். “தம்பி, போர்டுல என்னன்னு எழுதறது? யோகா மாஸ்டர்னா ஆம்பளைன்னு நெனச்சுக்குவாங்க. டீச்சர்னா ஸ்கூல் மாதிரி இருக்கு. தமிழ்ல நல்லதா ஒண்ணு சொல்லேன்.”

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

‘மாஸ்டர்’ ஆங்கிலத்தின் வழியாக வந்த சொல். அதன் வேர் லத்தீனில் ‘மாகிஸ்டர்’. மேலவன், தலைமை தாங்குபவன் என்று பொருள். சென்னையில் கைத்தொழில் தேர்ந்த எவரும் மாஸ்டர்தான்: டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர். அந்த வரிசையில் கராத்தே மாஸ்டருக்குப் பின்னால் யோகா மாஸ்டரும் வந்து சேர்ந்தார். கைத்திறனை மதிக்கும் சொல் என்பதால் எனக்கு அதன்மேல் கோபமில்லை. ஆனால் திறனை மட்டுமே அது சொல்கிறது, கற்பிப்பதைச் சொல்லவில்லை.

‘யோகா’ விஷயம் வேறு. வடமொழியில் சொல் ‘யோக’ என்று குறிலில்தான் முடிகிறது. தமிழுக்கு வரும்போது அம் ஈறு பெற்று ‘யோகம்’ ஆயிற்று, ‘தேச’ தேசம் ஆனதைப் போல. நூற்றாண்டுகளாக நம் நூல்களில் இருப்பது அந்த வடிவம்தான். ஆங்கில எழுத்தில் எழுதியதை அப்படியே படித்ததால் கடைசி எழுத்து நீண்டு ‘யோகா’ பிறந்தது. நம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல் வெளியே போய், வேறு உடை உடுத்தித் திரும்பி வந்திருக்கிறது.

அது ஏன் இவ்வளவு எளிதில் ஒட்டிக்கொண்டது? வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். சித்த யோகம், அமிர்த யோகம், மரண யோகம் என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகள் திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம். ஜாதகத்தில் கஜகேசரி யோகம். பேச்சில் “அவனுக்கு யோகம் அடிச்சிருக்கு”, “யோகக்காரன்”. கிரகமும் நாளும் கூடுவது யோகம். நல்லபடி கூடினால் அதிர்ஷ்டம். ‘யோகம் கற்றுக்கொள்கிறேன்’ என்றால் ஜோசியம் படிப்பதாக எண்ணிவிடக்கூடும். அதனால் பயிற்சிக்கு ‘யோகா’, அதிர்ஷ்டத்துக்கு ‘யோகம்’ என்று மக்கள் தாமாகவே பிரித்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. பேச்சில் அந்தப் பிரிவு இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் ‘யோகப் பயிற்சி’, ‘யோகக் கலை’ என்று அடுத்த சொல்லைச் சேர்த்துவிட்டால் குழப்பமே வராது.

வேருக்கு வருவோம். ‘யோக’ பிறந்த வடமொழி வேர் ‘யுஜ்’. பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். தேரில் குதிரையைப் பூட்டுவதும் ஏரில் மாட்டைப் பூட்டுவதும் அந்தச் செயல்தான். மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தடியின் ‘நுகம்’ என்ற சொல்லையும் இதே குடும்பத்து ‘யுகம்’ என்ற வடசொல்லோடு அகராதிகள் இணைக்கின்றன. வடமொழியில் இதே வேருக்கு ஒருமுகப்படுதல் என்ற பொருளும் உண்டு. யோகத்தின் அடிப்படை நூலான பதஞ்சலி சூத்திரத்தின் பழைய உரை ‘யோகம் என்பது சமாதி’ என்று அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. எனக்குப் ‘பூட்டுதல்’தான் நெருக்கமாக இருக்கிறது. ‘ஏர் பூட்டியாச்சா?’ என்று கேட்ட தலைமுறைக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை.

திருமூலர் அதே உவமையை மூச்சுக்கு வைத்தார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான்: இயமம், நியமம், ஆதனம் தொடங்கிச் சமாதி வரை எட்டு உறுப்புகள். அங்கே மூச்சு ஒரு குதிரை.

“புள்ளினும் மிக்க புரவியை மேற்கொண்டால்
கள்ளுண்ண வேண்டாம் தானே களிதரும்.”

பறவையைவிட வேகமான குதிரையின்மேல் ஏறி அமர்ந்துவிட்டால் கள் வேண்டாம், களிப்பு தானே வரும். சித்தர் மரபில் மூச்சுக்கு ‘வாசி’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் குதிரை என்ற பொருள் உண்டு. பூட்டும் குதிரையும் ஒரே உவமைக்குள் வந்து நிற்பதை முதன்முதலில் கவனித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை.

ஆசனத்துக்குத் திருமூலர் எழுதியது ‘ஆதனம்’. மூல வேர் ‘ஆஸ்’, அமர்தல். நேர்த் தமிழ் ‘இருக்கை’. ஆனால் இன்று இருக்கை என்றதும் பஸ் சீட்தான் நினைவுக்கு வரும். படுத்துச் செய்யும் சவாசனத்தை இருக்கை என்று சொல்லவும் வாய் வராது. அதை வற்புறுத்த வேண்டியதில்லை. பிராணாயாமத்துக்கு ‘மூச்சுப் பயிற்சி’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. தனித்தமிழ் அன்பர்கள் யோகத்தை ‘ஓகம்’ என்று எழுதுகிறார்கள், கற்பிப்பவரை ‘ஓக ஆசான்’ என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் தெருவில் போகிறவர் நின்று பொருள் கேட்க வேண்டியிருக்கும்.

நல்ல தமிழ் இத்துறையில் எடுபடாது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறியில் உழைத்து வளர்ந்தவர். தம் முறைக்கு ‘மனவளக்கலை’ என்று பெயர் வைத்தார். தியானத்தைத் ‘தவம்’ என்றார், தன்னைத் தானே ஆராய்வதை ‘அகத்தாய்வு’ என்றார். அங்கே பயிற்சி முடித்துக் கற்பிப்பவர்களை ‘அருள்நிதி’ என்று அழைக்கிறார்கள். இந்தச் சொற்கள் இன்று சென்னைத் தெருக்களில் சாதாரணமாகப் புழங்குகின்றன. சொல்லை உண்டாக்கியவர் அதை வாழ்ந்தும் காட்டியதால்தான் அது நிலைத்தது.

இப்போது ‘ஆசிரியர்’. அகராதிகள் இதை ‘ஆசார்ய’ என்ற வடசொல்லோடு சேர்க்கின்றன. தமிழாசிரியர்கள் ‘ஆசு + இரியர்’ என்று பிரிப்பார்கள். ஆசு குற்றம், இரித்தல் ஓட்டுதல். வேர் எதுவானாலும், குற்றம் நீக்குபவர் என்ற விளக்கம் இந்தத் தொழிலுக்குப் பொருந்துவது போல வேறெதற்கும் பொருந்தாது. அந்த அக்கா வகுப்பில் அதிகம் பேசமாட்டார். குனிந்தவரின் தோள்பட்டையில் இரண்டு விரலை வைப்பார். இறுகியிருந்த தோள் தானாக இறங்கும். அவ்வளவுதான்.

சென்னைக்கு இந்த மரபில் ஒரு தனி இடம் உண்டு. மைசூர் அரண்மனை ஆதரவில் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1950களின் தொடக்கத்தில் இங்கே குடிவந்து, 1989இல் மறையும்வரை கற்பித்தார். மகன் டி.கே.வி. தேசிகாச்சார் படித்தது பொறியியல். அப்பாவிடம் பயின்று குணம் கண்ட வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், பல நாள் வராத உறக்கம் வந்துவிட்டது என்று நன்றியில் நெகிழ்ந்ததைக் கண்ட பிறகுதான் அவர் அப்பாவிடமே மாணவரானார். 1976இல் அவர் இங்கே தொடங்கியதுதான் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம். அதன் பெயரில் ‘யோக’ என்று குறில் இருப்பதைக் கவனியுங்கள். கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனரும் மாணவருமான பி.கே.எஸ். அய்யங்கார் சிறுவயதில் நோயோடு போராடியவர். பெரம்பூர் அக்காவும் அப்படித்தான் வந்தார். உடம்பு கேட்ட கேள்விக்குப் பதில் தேடி வந்தவர்களே இத்துறையில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது இருநூறு மணி நேரப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வருபவர்கள் உண்டு. அரும்பாக்கத்து அரசுக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்து வருபவர்கள் ‘யோகா மற்றும் இயற்கை மருத்துவர்கள்’. அவர்களை ஆசிரியர் என்று சுருக்கக்கூடாது, ஆசிரியர்களும் தங்களை மருத்துவர் என்று போட்டுக்கொள்ளக்கூடாது. இரண்டும் வேறு வேறு பொறுப்புகள்.

ஆக, எழுத வேண்டியது ‘யோக ஆசிரியர்’. யோகம் என்பதன் ஈற்று மகரம் புணர்ச்சியில் கெடும், அதனால்தான் ‘யோக’. வடமொழிப் புணர்ச்சிப்படி ‘யோகாசிரியர்’ என்றும் சேர்க்கலாம், யோகாசனத்தைப் போல. வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: யோகப் பயிற்சி, யோகக் கலை. ஆண், பெண் இருவருக்கும் இந்த ஒரே சொல் போதும் என்பது அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

போர்டு எழுதுபவர் ‘யோக ஆசிரியர்’ என்பதைச் சரியாகவே எழுதிவிட்டார். கீழ்வரியில் ‘யோக பயிற்சி, காலை 5.30, மாடி’ என்று ஒற்றை விட்டுவிட்டார். நான் பார்ப்பதற்கு முன்பே அக்கா பார்த்திருக்கிறார். பெயின்ட் காய்வதற்குள் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் அந்த ‘ப்’பை எழுத வைத்திருந்தார்.