சீனி வருத்தத்தைத் தொடக்கிவைப்பது எந்தக் காய்ச்சல்?

தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு என்று தெரிந்தால், தாய்மார் பலர் சொல்வது இதுதான்: "போன மாசம் காய்ச்சல் வந்துச்சு, அதுக்கப்புறந்தான் இப்படி." அப்புறம் மழையில் நனையவிட்டதற்காகத் தம்மையே நொந்துகொள்வார்கள். அது தேவையே இல்லை.

சதையி என்கிற கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா கலங்களை உடலின் நோயெதிர்ப்பு சக்தியே அழிப்பதுதான் இந்த நோய். இந்த அழிவு மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் நடக்கும். கலங்கள் குறைந்துபோன நிலையில் சாதாரணத் தடிமன் வந்தாலும் உடலுக்கு இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். மிஞ்சியவற்றால் ஈடுகொடுக்க முடியாது. ஆக, போன மாதக் காய்ச்சல் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த நோயை வெளியே கொண்டுவந்ததோடு சரி.

நுவரெலியா, மஸ்கெலியாக் குளிரில் இது எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். பிள்ளை இரவில் படுக்கையை நனைத்தால் குளிர் என்போம். வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் பூச்சி என்போம். வேகமாக ஆழமாக மூச்சு வாங்கினால் இழுப்பு என்போம். இவற்றோடு அடங்காத தாகமும் மெலிவும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கும் கட்டம் உயிருக்கே ஆபத்தானது.

சரி, அழிவைத் தொடக்கிவைத்தது எது? ஆய்வாளர்களின் சந்தேகம் முக்கியமாக என்டரோவைரஸ்கள் மீது, அதிலும் கொக்சாக்கி பி வகைமீது. பிள்ளைக்காம்பராவிலும் பாலர் பாடசாலையிலும் கைவழியே பரவக்கூடிய கூட்டம் இது. பல பிள்ளைகளுக்கு வந்த சுவடே தெரியாது. இந்த வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம் பீட்டா கலங்களில் நிறைய இருக்கிறது, அதுவும் இன்சுலினைப் பொதிந்துவைத்திருக்கும் நுண்பைகளிலேயே. இன்சுலினை வெளிவிடப் பை கலத்தின் மேற்பரப்போடு இணையும்போது அந்தப் புரதமும் வெளியே தெரியவரும். வைரஸ் அப்போது உள்ளே புகலாம் என்று கருதுகிறார்கள். புகுந்தது கலத்தைக் கொல்லாமல் மெல்லத் தங்கிவிட்டால், கலம் ஓயாமல் அபாயக்குறி காட்டும். மரபணு வாகு உள்ள பிள்ளைகளில் நோயெதிர்ப்பு சக்தியின் படையான டி கலங்கள் அதைத் தேடிவந்து தாக்கலாம். ஒரே மரபணு கொண்ட இரட்டையரில்கூட ஒருவருக்கு நோய் வந்து மற்றவர் தப்புவது உண்டு. மரபணு மட்டும் காரணமில்லை என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தெரியவில்லை.

நோர்வேயில் புதிதாக நோய் கண்ட 6 பேரின் கணையத் துணுக்குகளை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். 6 பேரிடமும் என்டரோவைரஸின் புரதம் இருந்தது. பிறந்ததிலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த டெடி ஆய்வு 2019இல் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொன்னது: வந்துபோகும் குறுகிய தொற்றுகள் அல்ல, மலத்தில் நீண்டகாலம் தொடர்ந்து காணப்படும் தொற்றே பீட்டா கலங்களுக்கு எதிரான நோயெதிர்ப்போடு சேர்ந்து வருகிறது. இது தொடர்புதான், முடிந்த தீர்ப்பல்ல.

ஆனாலும் 2023இல் வெளியான ஒரு பரிசோதனை எனக்கு நம்பிக்கை தருகிறது. புதிதாக நோய் கண்ட பிள்ளைகளுக்குப் பிளெகோனரில், ரிபாவிரின் என்ற இரண்டு வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை 6 மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வெற்று மருந்து பெற்றவர்களைவிட இவர்களின் உடலில் சொந்த இன்சுலின் சுரப்பு கூடுதலாக எஞ்சியிருந்தது. நோய் குணமாகவில்லை, இன்சுலின் ஊசியும் நிற்கவில்லை. இருந்தாலும் சொந்தமாகக் கொஞ்சம் சுரந்தாலே சீனியைக் கட்டுக்குள் வைப்பது எளிதாகும்.