போர்ட், பெயர்ப்பு: ஒரு சொல்லின் வரலாறும் தமிழ் நிகரும்

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தின் அருகிலுள்ள செல்போன் கடை ஒன்றில், கல்லூரி மாணவர் ஒருவர் தம் கையிலிருந்த பழைய விளையாட்டுக் கருவியைக் காட்டி, "அண்ணே, இதுல இருக்கிற மேரியோ பழைய டிவி கேமோட போர்ட்டுதானே?" என்று கேட்டார். "போர்ட்டா? இப்ப எந்த கம்பெனி சிம் தம்பி வச்சிருக்கீங்க?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். நகைப்புக்குரிய உரையாடலாகத் தோன்றினாலும் இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். உற்றுப் பார்த்தால் பொருளும் அவ்வளவாக வேறுபடவில்லை. 2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த வசதியில் செல்பேசி எண் அப்படியே இருக்க, அதைச் சுமக்கும் நிறுவனம் மட்டும் மாறுகிறது. விளையாட்டில் ஆட்டம் அப்படியே இருக்க, அதை இயக்கும் பொறி மாறுகிறது. ஒரு கருவிக்கென எழுதப்பட்ட ஆட்டத்தை, வேறு கட்டமைப்பு உடைய இன்னொரு கருவியில் இயங்குமாறு மாற்றியமைப்பதையும், அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட ஆட்டத்தையும் 'போர்ட்' என்ற சொல் குறிக்கும். அதைத் தமிழில் 'பெயர்ப்பு' எனலாம் என்பது என் கருத்து.

இச்சொல் இலத்தீன் மொழியின் 'போர்த்தாரே' என்ற வினையிலிருந்து வருவது. சுமந்து செல்லுதல் என்பது அதன் பொருள். மதுரைச் சந்திப்பில் நம் பெட்டியைத் தூக்கிவரும் போர்ட்டர், சரக்கு ஏற்றும் டிரான்ஸ்போர்ட், தாங்கிப் பிடிக்கும் சப்போர்ட், செய்தியைத் திரும்பச் சுமந்துவரும் ரிப்போர்ட் ஆகிய அனைத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. விளையாட்டைக் குறிக்கும் ஸ்போர்ட் என்ற சொல்லும் இதே குடும்பம்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மனத்தைக் கவலையிலிருந்து அப்பால் எடுத்துச் செல்வது என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையின் தேய்ந்த வடிவம் அது. துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' இதனின்று வேறானது. அது 'போர்த்துஸ்' என்ற இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. பாஸ்போர்ட் அதன் வழி. கணினியின் பின்புறத்தில் கம்பி செருகும் வாயிலான 'போர்ட்', கதவு என்று பொருள்படும் 'போர்த்தா' வழி வந்தது. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே எழுத்துக் கூட்டலை அடைந்ததனால், தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் முதலில் அகப்பட்ட பொருளை எடுத்துக்கொண்டு, விளையாட்டைத் 'துறைமுகம்' ஆக்கிவிடுகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்புகளில் இது அன்றாடம் நிகழ்வது.

கணினித் துறையில் இப்பொருள் 'எடுத்துச் செல்லத்தக்க' நிரல் என்ற வழக்கிலிருந்து கிளைத்தது. யூனிக்ஸ் இயங்குதளம் 1973-இல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதன் பயனாக, 1977-இல் அதைப் பிடிபி வகைப் பொறியிலிருந்து இன்டர்டேட்டா என்ற வேறொரு பொறிக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. அதற்கு முன்பெல்லாம் பொறி மாறினால் நிரலும் பெரும்பாலும் புதிதாகவே எழுதப்பட வேண்டியிருந்தது. வீட்டு விளையாட்டுக் கருவிகளில் இந்நிலை பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகக் காண்பது நல்லது. நின்டெண்டோ நிறுவனம் 1985-இல் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட சூப்பர் மேரியோ பிரதர்ஸ், 8 உலகங்களும் உலகத்துக்கு 4 கட்டங்களுமாக 32 கட்டங்கள் கொண்டது. கேசட்டில் அது அடைத்துக்கொண்ட இடம் வெறும் 40 கிலோபைட். இதன் கையடக்க வடிவம் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் டீலக்ஸ் என்ற பெயரில் 1999-இல் கேம் பாய் கலர் கருவிக்கு வந்தது. ஃபேமிகாமின் செயலி 6502 வகையைச் சேர்ந்தது. கேம் பாயின் செயலி இசட்80 வகையை ஒத்தது. ஒன்றன் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. ஆகவே உள்ளே இருந்த நிரலைத் தூக்கி அப்படியே வைக்க வழியில்லை. மேரியோ எவ்வளவு ஓடினால் எவ்வளவு சறுக்குவான், பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினால் எவ்வளவு உயரம் எழும்புவான் என்பவற்றையெல்லாம் புதிய கட்டளைகளில் மீண்டும் சொல்லவேண்டியிருந்தது.

திரையோ அதைவிடப் பெரிய சிக்கல். ஃபேமிகாமின் படம் 256-க்கு 240 புள்ளிகள்; கேம் பாய் கலரின் திரை 160-க்கு 144. பெருக்கிப் பார்த்தால் பழைய பரப்பில் சரியாகக் காலே அரைக்கால் (எட்டில் மூன்று) பங்குதான் புதிய திரையில் அடங்கும். படத்தைச் சுருக்கினால் உருவங்கள் அடையாளம் தெரியாமல் நசுங்கிவிடும் என்பதால், உருவங்களின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு, பார்வைப் பரப்பைக் குறைத்து, மேலும் கீழும் பார்ப்பதற்குப் பொத்தான் வசதி செய்தார்கள். தொலைக்காட்சியில் ஒரே பார்வையில் தெரிந்த மேல்தட்டும் கீழ்ப்பள்ளமும் இங்கே சேர்ந்து தெரியமாட்டா. அடுத்து என்ன வரும் என்பதை மனப்பாடமாக அறிந்தவரே துணிந்து குதிக்கலாம். அதேவேளையில், மூலத்தில் இல்லாத சேமிக்கும் வசதியும், ஒளித்துவைத்த சிவப்புக் காசுகளும், பேய் உருவத்தோடு போட்டியிட்டு ஓடும் பகுதியும் சேர்க்கப்பட்டன.

திரை குறுகுவது ஆட்டத்தின் இயல்பையே மாற்றிவிடும் என்பதற்கு சேகா நிறுவனத்தின் சோனிக் 2 தெளிவான சான்று. 1992-இல் தொலைக்காட்சியோடு இணையும் மாஸ்டர் சிஸ்டம், கையடக்கமான கேம் கியர் ஆகிய இரண்டுக்கும் வந்த அந்த ஆட்டத்தின் முதற்பகுதி முடிவில் எதிர்ப்படும் எதிரித் தலைவனிடம் சென்றால், சரிவில் துள்ளி உருண்டுவரும் பந்துகளை விலக்கித் தப்பிக்கவேண்டும். இரு கருவிகளின் உள்ளுறுப்புகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கேம் கியரின் சிறிய திரையில் பந்து கண்ணுக்குத் தெரிவதற்கும் மேலே வந்து விழுவதற்கும் இடையே எண்ணிப்பார்க்க நேரமே இல்லை. முதற்பகுதியைத் தாண்டமுடியாமல் பலர் சலித்துக் கைவிட்டதற்கு அவர்களின் விரல்கள் பொறுப்பல்ல.

புதிய பொறி பழையதைவிட வலிமையானதாக இருந்தால் பெயர்ப்பும் நன்றாக அமையும் என்று கருதிவிடக் கூடாது. 1991-இல் மெகா டிரைவ் கருவிக்கு வந்த முதல் சோனிக் ஆட்டத்தை, அதன் 15-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2006-இல் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கில் பார்த்தால் புதிய செயலியின் வேகம் பழையதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆயினும் வேகத்துக்கே பெயர்பெற்ற முள்ளெலியான சோனிக் நடை தளர்ந்து ஊர்ந்தது, இசையும் சிதைந்தது. பிற்பாடு ரசிகர் ஒருவர், அதே கருவியில் அதே ஆட்டத்தின் ஒரு பகுதியைச் சீரான வேகத்தில் ஓடச்செய்து காட்டினார். குறை பொறியில் இல்லை, பெயர்த்த கையில்தான் இருந்தது என்பது அதனால் தெளிவாயிற்று.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் சொற்களைச் சுருக்கமாகப் பிரித்துக்கொள்ளலாம். தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு 'டிவி கேம்' என்ற பெயரில் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்டவை; அவற்றில் ஓடியது அதே நிரல் என்பதால் அது நகல். ஒரு பொறி மற்றொரு பொறியைப்போல நடித்து, பழைய நிரலை மாற்றமின்றி ஓட்டுவது போலச்செய்தல். 2004-இல் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்த பழைய மேரியோ இவ்வகையைச் சேர்ந்தது, அதில் படம் உயரவாக்கில் நசுக்கப்பட்டிருக்கும். படங்களையும் கட்டங்களையும் புதிதாக வரைந்து உருவாக்குவது மறுவாக்கம். பெயர்ப்பு இவை அனைத்துக்கும் இடையில் நிற்பது.

இனித் தமிழ் நிகருக்கு வருவோம். கணினியின் செருகுவாயிலுக்குத் 'துறை' என்று கலைச்சொல் வழங்குகிறது. நீரில் இறங்கும் இடத்துக்குரிய அழகிய சொல் அது, ஆனால் நாம் பேசும் பொருளுக்கு உதவாது. 'பதிப்பு' என்பது ஒரே நூலின் அடுத்தடுத்த அச்சுக்கும் பொருந்துவதால் இடமாற்றம் என்ற கருத்தை இழந்துவிடுகிறது. 'மாற்றம்' மிகப் பொதுவானது. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'பெயர்' என்னும் வினையடி. ஓரிடத்தில் ஊன்றி நிற்பது அங்கிருந்து விலகி வேறிடம் சேர்வதே பெயர்தல். சுவரில் காரை பெயர்கிறது, மக்கள் புலம்பெயர்கிறார்கள், 'மொழிபெயர் தேஎத்தர்' என்று குறுந்தொகை வேற்றுமொழி நாட்டைச் சுட்டுகிறது.

இங்கே பெயர்ச்சி, பெயர்ப்பு என்னும் இரண்டில் எதைக் கொள்வது என்ற வினா எழும். சோழவந்தானை அடுத்த குருவித்துறைக்குக் கூட்டம் திரள்வது குருப்பெயர்ச்சியன்று. அங்கே கோள் தானாகவே நகர்வதாகக் கருதப்படுவதால் தன்வினை வழிவந்த 'பெயர்ச்சி' சரியாகிறது. (ஒரே ஊரில் துறையும் பெயர்ச்சியும் சேர்ந்து நிற்பது சொல்லாராய்பவனுக்குக் கிடைத்த சிறு பரிசு.) விளையாட்டு தானாக நகர்வதில்லை, ஒருவர் உழைத்து நகர்த்துகிறார், ஆகையால் மொழிபெயர்ப்பு என்பதில் உள்ளதைப்போலப் பிறவினை வழிவந்த 'பெயர்ப்பு' என்பதே இலக்கணத்துக்கு ஒத்தது.

தொல்காப்பிய மரபியலில் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் ஆகிய நான்கும் கூறப்படுகின்றன. அதர் என்பது நெறி. மொழியை மாற்றினால் போதாது, சென்று சேரும் மொழியின் நெறிக்குட்பட்டு மீண்டும் யாக்கவேண்டும் என்பது கருத்து. மேலே கண்ட மேரியோவுக்கு இவ்வகைப்பாடு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது: பார்வைப் பரப்பில் தொகுத்து, வசதிகளில் விரித்த அது ஒரு தொகைவிரி, சோனிக்கின் 2006 வடிவமோ அதர்ப்படாத யாப்பு.

சிலர் 'தளப்பெயர்ப்பு' என்று எழுதுகிறார்கள். பிற இடங்களில் குறையொன்றுமில்லை. ஆனால் மேரியோ வகை ஆட்டங்களுக்கே 'பிளாட்ஃபார்ம் கேம்' என்று பெயர் இருப்பதால் இங்கே இடறும். தட்டையான வடிவம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான பிளாட்ஃபார்ம், இரயில் நிலையத்தில் நடைமேடை, கணினியில் தளம், இவ்வாட்டத்தில் குதித்து ஏறும் மேடு என மூன்றாகப் பிரிகிறது. மூன்றாவதற்குத் 'திட்டு' என்ற சொல்லை எடுத்து, 'திட்டுத்தாவல் ஆட்டம்' எனலாம் என்பது என் கருத்து. வைகையின் மணல்திட்டுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. தேர்வுக் காலத்தில் இவ்வாட்டம் ஆடி வாங்கிய மற்றத் திட்டும் நினைவுக்கு வருமாயின் வரட்டும்.

ஆக, 'திட்டுத்தாவல் ஆட்டம் ஒன்றின் கையடக்கப் பெயர்ப்பு' என்றும், 'ஃபேமிகாமிலிருந்து கேம் பாய்க்குப் பெயர்த்தார்கள்' என்றும், அப்பணியைச் செய்பவரைப் 'பெயர்ப்பாளர்' என்றும் எழுதலாம். 'கையடக்க' என்பதை அடுத்துப் பகர ஒற்று மிகும். அதை விடாமல் எழுதவேண்டும்.