தோலோடு தோல் தொடர்பா, மெய்யணைப்பா?

குழந்தை பிறந்ததும் ஈரத்தைத் துடைத்து, துணி எதுவும் சுற்றாமல் அம்மாவின் வெறும் மார்பில் குப்புறக் கிடத்தி, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, மூக்கும் வாயும் அமுங்காமல் பார்த்து, இருவருக்கும் சேர்த்து மேலே ஒரு போர்வையைப் போடுகிறார்களே, அதைத்தான் 'தோலோடு தோல் தொடர்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்தப் பெயர் ஒட்டவே இல்லை. சொறி சிரங்கு பரவும் வழி போல ஒலிக்கிறது. தோல் வாழைப்பழத்துக்கும் உண்டு, தொடர்பு தொலைபேசியிலும் கிடைக்கும்; இதில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

'கங்காரு பராமரிப்பு' என்றே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அது 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கியது. இன்குபேட்டர் போதாமல், தொற்றும் பரவிய நிலையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் உடல்சூட்டிலேயே வளர்க்கச் செய்தார். எடை குறைந்த, குறைமாதப் பிள்ளைகளை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைத்திருக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நிறைமாதக் குழந்தைக்கும் பிறந்த உடனே வேண்டிய அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு இந்தப் பெயர் சரிவராது.

அப்புறம் நம்மிடம் என்ன இருக்கிறது? மெய் இருக்கிறது. மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை எண்ணும்போது தொட்டு உணர்வது மெய்தான். உடம்பு, தோல் இரண்டையும் ஒரே சொல் தாங்கிவிடுகிறது. 'மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்' என்று 65ஆம் குறளிலேயே பிள்ளையின் மெய் வந்துவிட்டது. அந்தத் 'தீண்ட'லை அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் இன்று பாம்பு தீண்டுகிறது, தீண்டாமை என்ற கொடுமையும் அந்தச் சொல்லில் ஏறிக்கிடக்கிறது, பேறுகால அறைக்குள் அது வேண்டாம். அணைப்பு என்றால் சூடும் இருக்கிறது, கையும் இருக்கிறது. அதனால் மெய்யணைப்பு.

சொல்லிப் பாருங்கள்: "பிள்ளை மெய்யணைப்பில் இருக்கிறது, எடை அப்புறம் பார்க்கலாம்." அறுவை முடிந்து அம்மா கண் விழிக்கவில்லையா, "அதுவரை அப்பாவின் மெய்யணைப்பில் இருக்கட்டும்."