பத்தாயிரம் கோப்புகள், ஒரே வரிசை: கோஃபம்ட் உள்ளே என்ன நடக்கிறது?

கோ (Go) நிரல்மொழியில் எழுதுபவர்களிடம் கோஃபம்ட் (gofmt) பற்றிச் சொல்லத் தேவையில்லை, நிரலில் உள்ள டேப், இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பாணிக்குக் கொண்டுவரும் கருவி. 2022 மார்ச்சில் கோ 1.18 வரும்வரை அது கோப்புகளை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தது. கணினிச் செயலியில் தனித்தனியாக வேலை செய்யக்கூடிய கோர் எட்டு இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் உழைக்கும்.

சரி, கோப்புக்கு ஒரு கோரூட்டீன், அதாவது மற்றவற்றோடு சேர்ந்தே ஓடும் ஒரு தனி வேலை, கிளப்பிவிட்டால் முடிந்ததா? கிளப்புவது ஒரு வரி வேலைதான், ஆனால் பத்தாயிரம் கோப்புள்ள திட்டத்தில் அத்தனையும் ஒன்றாக நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் லிஃப்டில் எடை பார்ப்பதுபோல ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தலை எண்ணுவதில்லை, கோப்பின் அளவுதான் எடை. ஒரு கோருக்கு 2 எம்பி வீதம், எட்டு கோர் என்றால் மொத்தம் 16 எம்பி. எடைக்கு இடம் கிடைக்கும்வரை அடுத்த கோப்பு வெளியே நிற்கும். ஏதோ கருவி தானாக எழுதித்தள்ளிய 40 எம்பி கோப்பு வந்தால்? அதன் எடையை 16 என்றே வைத்துக்கொள்வார்கள், அது தனியாக ஏறிப் போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த பகுதி. வேலை எந்த வரிசையில் முடிந்தாலும் திரையில் வருவது பழைய வரிசையிலேயே வரவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கோப்புகளின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இதற்குத் தொடர் ஓட்டத்தில் கைமாறும் கோல்போல ஒன்று இருக்கிறது. திரையில் எழுதும் உரிமையும், இதுவரை பிழை ஏதாவது வந்ததா என்ற குறிப்பும் அதில்தான். ஐந்தாவது கோப்பு முதலில் முடிந்தாலும், நான்காவது கோலைக் கொடுக்கும்வரை வாய் திறக்காது, தன் எடையையும் விடாது. அப்படியானால் எல்லோரும் ஒருவருக்கொருவர் காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட மாட்டார்களா? மாட்டார்கள். எடைக்கு இடம் கொடுப்பதும் அதே வரிசையில்தான், ஆகவே முன்னால் நிற்கும் கோப்பு எப்போதும் உள்ளே ஏறியிருக்கும், அது முடித்தே தீரும். விலை என்னவென்றால், முன்னால் ஒரு பெரிய கோப்பு மாட்டிக்கொண்டால் பின்னால் வேலையை முடித்தவர்கள் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள்.

அப்புறம் இன்னொரு சின்னக் கதவு. எடை குறைந்த குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தால் எடைக் கணக்கு தடுக்காது, ஆனால் ஒரு நிரல் ஒரே சமயத்தில் 256 கோப்புகளுக்கு மேல் திறக்க விடாத இயங்குதளங்கள் உண்டு. அதற்காக 200 என்று ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள், குத்துமதிப்பாகத்தான்.